ரிப்போர்ட்டில் "கனெக்ஸின் 26" என்று வந்தால்: செல்களுக்கு இடையிலான வாய்க்கால்களும் அவை கெட்டால் வரும் நோய்களும்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை. ஜீன் டெஸ்டில் "ஜிஜேபி2, டபிள்யூ24எக்ஸ், ஹோமோசைகஸ்" என்று வந்திருக்கிறது. நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். இணையத்தில் தேடினால், செல்களுக்கு இடையிலான வாய்க்கால் கோளாறு என்றும் தோல், கண், நரம்பு, இதயம் எல்லாம் பாதிக்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். இவனுக்கும் அதெல்லாம் வருமா? அடுத்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: வராது. உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டில் இருக்கும் மாற்றம் காதோடு நிற்கிற வகை. நீங்கள் படித்த மற்ற நோய்கள் இதே கனெக்ஸின் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு புரதங்கள் கெடுவதால் வருபவை, அல்லது இதே மரபணுவில் முற்றிலும் வேறு விதமான மாற்றத்தால் வருபவை. மரபணுவின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் "டபிள்யூ24எக்ஸ்" என்ற சிறு குறிப்புதான் முக்கியம். அந்த மாற்றம் வாய்க்காலை என்ன செய்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். நோயும் அதைப் பொறுத்ததே.

நம் உடம்பில் ஒட்டியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை தனித்தனியாக இயங்குவதில்லை. அடுத்தடுத்த இரண்டு செல்களின் சவ்வுகளுக்கு நடுவே 2 முதல் 4 நானோமீட்டர் இடைவெளி விட்டு, அதைக் கடந்து நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. இவற்றுக்குக் கேப் ஜங்ஷன் என்று பெயர். குழாய் கட்டப்படும் விதம் எளிது. கனெக்ஸின் என்ற புரதம் ஆறு வட்டமாகச் சேர்ந்தால் ஓர் அரைக் குழாய். ஒரு செல்லின் அரைக் குழாயும் அடுத்த செல்லின் அரைக் குழாயும் நேருக்கு நேர் பூட்டிக்கொண்டால் முழுக் குழாய். ஆக, ஒரு வாய்க்காலுக்குப் பன்னிரண்டு கனெக்ஸின்கள். இப்படி நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், ஒரே திட்டாகக் குவிந்திருக்கும். குழாயின் உள்விட்டம் குறுகலான இடத்தில் சுமார் 1.4 நானோமீட்டர். பொட்டாசியம், கால்சியம், குளுக்கோஸ், ஐபி3, சைக்ளிக் ஏஎம்பி போன்ற சிறிய மூலக்கூறுகள், ஏறத்தாழ 1,000 டால்டன் எடைக்கு உட்பட்டவை, கடந்து போகும். புரதங்களும் டிஎன்ஏவும் போகாது.

மனிதர்களில் சுமார் 21 கனெக்ஸின் மரபணுக்கள் உண்டு. ரிப்போர்ட் வாசிப்பவர்களைக் குழப்புவது இரட்டைப் பெயர். புரதத்தை அதன் எடையால் அழைப்பார்கள்: 26 கிலோடால்டன் எடையுள்ளது கனெக்ஸின் 26. மரபணுவுக்கு வேறு வரிசை: கனெக்ஸின் 26-க்கு ஜிஜேபி2, கனெக்ஸின் 32-க்கு ஜிஜேபி1, கனெக்ஸின் 30-க்கு ஜிஜேபி6, கனெக்ஸின் 43-க்கு ஜிஜேஏ1. "பி1" என்றும் "பி2" என்றும் எண் ஒன்று மாறினால் நரம்பு நோய் காது நோயாகிவிடும். தேடும்போது இதைக் கவனியுங்கள்.

எந்த உறுப்பில் எந்தக் கனெக்ஸின் வேலை செய்கிறது, அங்கே மாற்றுக்கு வேறு கனெக்ஸின் இருக்கிறதா, இரண்டையும் வைத்துத்தான் எந்த உறுப்பு அடிபடும் என்பது தீர்மானமாகும். கனெக்ஸின் 26 காதிலும் இருக்கிறது, தோலிலும் இருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது. அது அடியோடு இல்லாமல் போனால் தோலும் ஈரலும் சமாளித்துக்கொள்கின்றன, ஏனென்றால் அங்கே கூட்டாளிகள் உண்டு. உள்காதால் மட்டும் சமாளிக்க முடியவில்லை.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் முடிச்செல்கள், அதாவது தலையில் நுண்ணிய முடிகள் கொண்ட செல்கள், வரிசையாக நிற்கின்றன. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. இவற்றின் தலை நனைந்திருக்கும் எண்டோலிம்ஃப் என்ற திரவத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 150 மில்லிமோல் அளவில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு. அதோடு அந்தத் திரவத்துக்கு 80 முதல் 100 மில்லிவோல்ட் வரை நேர்மின்னழுத்தமும் உண்டு. ஒலி வந்து முடிகளை வளைத்ததும் பொட்டாசியம் செல்லுக்குள் பாய்கிறது. அதுதான் கேட்டலின் முதல் மின்குறி. உள்ளே வந்த பொட்டாசியம் அடிப்பக்கம் வழியே வெளியேறுகிறது. அங்கேயே தேங்கினால் செல்லுக்கு நஞ்சு.

கவனிக்க வேண்டியது ஒன்று: முடிச்செல்களில் கேப் ஜங்ஷனே கிடையாது. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச்செல்களில்தான் கனெக்ஸின் 26-உம் கனெக்ஸின் 30-உம் கலந்து கட்டிய வாய்க்கால்கள் நெருக்கமாக இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லப்பட்ட விளக்கம் இது: துணைச்செல்கள் பொட்டாசியத்தை உறிஞ்சி, செல்லிலிருந்து செல்லுக்கு வாய்க்கால் வழியே கடத்தி, மறுபடி எண்டோலிம்ஃபுக்குக் கொண்டு சேர்க்கின்றன. வாய்க்கால் இல்லையென்றால் இந்தச் சுழற்சி நின்றுவிடும்.

இந்த விளக்கம் முழுமையானதல்ல என்பதே என் கருத்து. அதற்கு இரண்டு காரணங்கள். வி84எல் என்று ஒரு மாற்றம் இருக்கிறது. அதைச் சுமக்கும் வாய்க்கால் சாதாரணமாகத் திறக்கிறது, மின்னோட்டத்தையும் ஒழுங்காகக் கடத்துகிறது. ஆனால் ஐபி3 என்ற சைகை மூலக்கூறை மட்டும் சரியாக விடுவதில்லை. அதற்கே காது கேட்காமல் போகிறது. பொட்டாசியம்தான் முழுக் கதை என்றால் இவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்தது எலிகளில் கண்டது. காக்ளியா வளரும் கட்டத்தில் கனெக்ஸின் 26-ஐ நீக்கினால், முடிச்செல் வரிசைகளுக்கு நடுவே திறக்க வேண்டிய கார்ட்டி சுரங்கம் திறக்கவே இல்லை. வளர்ச்சி முடிந்த பிறகு நீக்கினால் பாதிப்பு குறைவு. அதாவது, கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, உறுப்பைக் கட்டும் வேலைக்கே இந்த வாய்க்கால் தேவைப்படுகிறது. மரபணு சிகிச்சை எப்போது வரும் என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்; பின்னால் வருகிறேன்.

இப்போது டபிள்யூ24எக்ஸ். இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி உண்டு. "ஹோமோசைகஸ்" என்றால் இரண்டிலும் இதே மாற்றம். கனெக்ஸின் 26 மொத்தம் 226 அமினோ அமிலங்கள். 24-ஆவது இடத்தில் டிரிப்டோஃபேன் வர வேண்டும். அதற்கான குறியீடு டிஜிஜி. நடுவில் இருக்கும் ஜி, ஏ ஆக மாறினால் டிஏஜி. அது "இத்தோடு நிறுத்து" என்ற கட்டளை. 23 அமினோ அமிலங்களோடு புரதம் முடிந்துவிடுகிறது. சவ்வை ஒருமுறைகூடக் கடக்காத ஒரு துண்டு. வாய்க்கால் கட்ட எதற்கும் உதவாது. அதே நேரம் யாருக்கும் கெடுதலும் செய்யாது. அதனால்தான் ஒரு பிரதி கெட்டு, மற்றது நன்றாக இருக்கும் நீங்களும் உங்கள் கணவரும் சாதாரணமாகக் கேட்கிறீர்கள். பாதி அளவு புரதமே காதுக்குப் போதும். இரண்டு பிரதியும் கெட்ட பிள்ளைக்கு மட்டுமே கேட்கவில்லை. அவனுடைய தோலில் வேறு கனெக்ஸின்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன.

இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் மாற்றம் டபிள்யூ24எக்ஸ்தான். என்றோ ஒரு முன்னோரிடம் ஏற்பட்டது வழிவழியாகப் பரவியிருக்கிறது. இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போன ரோமா மக்களிடம், ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும், இதே மாற்றம் இன்றும் இருக்கிறது. ஐரோப்பியர்களிடம் அதிகம் இருப்பது 35டெல்ஜி, கிழக்கு ஆசியாவில் 235டெல்சி, ஆஷ்கெனாசி யூதர்களிடம் 167டெல்டி. கானாவில் அடாமொரோபே என்ற கிராமத்தில் ஆர்143டபிள்யூ பரவி, அங்கே ஊருக்கென்றே ஒரு சைகை மொழி உருவாகியிருக்கிறது. இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: வெளிநாட்டில் தயாரான சில மலிவு டெஸ்டுகள் 35டெல்ஜியை மட்டும் தேடிவிட்டு "நெகட்டிவ்" என்று எழுதிவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை.

இதே மரபணுவில் டி50என் என்று ஒரு மாற்றம் இருக்கிறது. நீங்கள் இணையத்தில் பார்த்துப் பயந்த தோல், கண் படங்கள் பெரும்பாலும் இதனுடையவை. இங்கே புரதம் முழு நீளத்துக்கு உருவாகிறது, சவ்வுக்கும் போய்ச் சேருகிறது. கோளாறு அரைக் குழாயில். அடுத்த செல்லோடு பூட்டிக்கொள்ளாத அரைக் குழாய், வெளியே இருக்கும் கால்சியத்தின் அழுத்தத்தில் மூடியே கிடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போக வைத்த கதவு, அந்தப் பக்கம் வீடு கட்டும் வரை தாழிட்டிருக்க வேண்டுமல்லவா? டி50என் அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிகிறது, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வருகிறது. தோல் தடித்துச் செதிலாகிறது, கருவிழியில் ரத்தக்குழாய் படர்ந்து பார்வை குறைகிறது, கிருமித்தொற்று அடிக்கடி வருகிறது, தோல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. காதும் கேட்காது. கிட் சிண்ட்ரோம் என்பது இதுதான். கெட்டது ஒரே பிரதி என்றாலும் நோய் வரும், ஏனென்றால் இல்லாமை நோயைத் தரவில்லை, கசிவு தருகிறது. நல்ல பிரதி பக்கத்தில் இருந்தாலும் கசிவு நிற்காது.

இந்த வேறுபாட்டை ஜப்பானில் கண்ட ஒரு விஷயம் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. ஜி45இ என்பது கசியும் வகை. அதைச் சுமக்கும் குழந்தைகள் பிறந்த சில மாதங்களில் இறந்துபோகிற அளவுக்குக் கடுமையான கிட் சிண்ட்ரோமைத் தரும். ஆனால் ஜப்பானியர்கள் சிலரிடம் இதே ஜி45இ இருந்தும் தோல் நன்றாகவே இருக்கிறது. காரணம், அதே பிரதியில் சற்றுத் தள்ளி ஒய்136எக்ஸ் என்ற இரண்டாவது மாற்றம். அது புரதத்தைப் பாதியில் வெட்டிவிடுவதால் கசியும் வாய்க்கால் உருவாகவே வழியில்லை. பெரிய கெடுதலைச் சிறிய கெடுதல் அடைத்து வைத்திருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தாயிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன. குழந்தையிடம் ஒய்136எக்ஸ் பழையபடி சரியாகிவிட்டிருந்தது. "சரியான" அந்தக் குழந்தைக்குத்தான் உயிர்க்கொல்லி நோய் வந்தது.

இப்படிக் கெடும் வழிகள் இன்னும் உண்டு. சில மாற்றங்களில் புரதம் செல்லின் உள்ளேயே மடிப்புச் சரியில்லாமல் சிக்கிக்கொள்ளும். சிலவற்றில் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தும் திறக்காது. இன்னும் சிலவற்றில் கெட்ட கனெக்ஸின் 26, பக்கத்தில் நல்லபடி இருக்கும் கனெக்ஸின் 43 போன்றவற்றோடு கலந்து அவற்றையும் முடக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்போடு காது கேளாமையும் வரும் குடும்பங்களில் இதுதான் நடக்கிறது. வி37ஐ என்ற மாற்றம் நேரெதிர். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உண்டு, லேசான குறைபாடுதான், பிறந்தபோது செய்யும் பரிசோதனையில் பிடிபடாமல்கூடப் போகும், வயதோடு மெல்ல ஏறும்.

மற்ற கனெக்ஸின்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது கனெக்ஸின் 32. ஒரு கனெக்ஸின் கெட்டால் மனிதருக்கு நோய் வரும் என்று முதன்முதலில் தெரிந்தது இதில்தான், 1993-இல். நரம்பிழையைச் சுற்றி ஷ்வான் செல் மையலின் உறையைப் பல அடுக்காகச் சுற்றியிருக்கும். வெளி அடுக்கில் இருக்கும் உட்கருவிலிருந்து உள் அடுக்குக்கு ஒரு பொருள் போக வேண்டுமென்றால் சுருளின் நீளம் முழுக்கச் சுற்றிவர வேண்டும். அந்த அடுக்குகளைக் குறுக்கே துளைத்துக் கனெக்ஸின் 32 குறுக்குவழி போட்டிருக்கிறது. ஒரே செல் தன்னோடு தானே இணைந்துகொள்ளும் விசித்திரம் இது. இந்த வழி அடைபட்டால் உறையும், பின்னால் நரம்பிழையும் நலிகின்றன. சார்கோ-மேரி-டூத் நோயின் எக்ஸ்1 வகை என்று பெயர். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குக் கடுமை, பெண்களுக்கு லேசு. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது; குடும்ப மரத்தில் அப்படி ஒன்று தெரிந்தால் வேறு மரபணுவைத் தேட வேண்டும். பதின்வயதில் பாதம் தொங்கி, அடிக்கடி தடுக்கி விழுவது, பாத வளைவு உயர்வது, கெண்டைக்கால் மெலிவது, பிறகு கட்டைவிரல் அடிச்சதை கரைவது. நரம்புக் கடத்தல் வேகம் ஆண்களில் நொடிக்கு 30 முதல் 40 மீட்டர் வரை காணப்படும். சாதாரணமாகக் கையில் 50-க்கு மேல் இருக்க வேண்டும். இந்த நடுத்தர எண்ணே எக்ஸ்1-ஐ நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகோ உயரமான மலைப் பிரதேசம் போய் வந்த பிறகோ சிலருக்குச் சில மணி அல்லது சில நாள் கை கால் விழுந்து பேச்சுக் குழறும். எம்ஆர்ஐயில் மூளையின் வெண்பகுதியில் மாற்றம் தெரியும், பிறகு தானே சரியாகும். தெரியாத மருத்துவர் பக்கவாதம் என்று சிகிச்சை தொடங்கிவிடுவார். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை இந்த நோயுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

இதயத்தில் கீழறைகளுக்குக் கனெக்ஸின் 43, மேலறைகளுக்கும் வேகமாகக் கடத்தும் இழைகளுக்கும் கனெக்ஸின் 40. செல்லுக்குச் செல் மின்சாரம் கைமாறும் இடம் இந்த வாய்க்கால்களே. இவை நீள்செல்லின் இரு முனைகளிலும் குவிந்திருக்க வேண்டும். மாரடைப்பு வந்து தசை சேதப்பட்டால், ஓரத்தில் உயிரோடிருக்கும் செல்களில் கனெக்ஸின் 43 முனையை விட்டுப் பக்கவாட்டில் சிதறிவிடுகிறது. மின்சாரம் ஓரிடத்தில் தயங்கி, இன்னோரிடத்தில் சுற்றிவந்து, உயிருக்கு ஆபத்தான துடிப்புப் பிசகுக்கு வழி அமைக்கிறது. பிறவி மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே வாய்க்கால் கெடும் உதாரணம் இது. கனெக்ஸின் 43 ஒவ்வொன்றும் சில மணி நேரமே வாழ்கிறது, இதயம் இதைத் தினமும் பலமுறை புதுப்பிக்கிறது. அதனால் சிறு தொந்தரவும் சீக்கிரம் வெளியே தெரியும். வாய்க்காலைத் திறந்தே வைத்திருந்தால் மாரடைப்பின் சேதம் குறையும் என்று டேனெகாப்டைடு என்ற மருந்தை நோயாளிகளிடம் சோதித்தார்கள். பயன் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. சாகும் செல்லிலிருந்து நஞ்சு பக்கத்துச் செல்லுக்குப் போகாமல் தடுக்க அமிலமும் கால்சியமும் ஏறியதும் வாய்க்கால் தானாக மூடிக்கொள்கிறது. எந்த நிமிடம் திறக்க வேண்டும், எந்த நிமிடம் மூட வேண்டும் என்பதை ஊசிமருந்து அறியாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண் லென்ஸுக்கு ரத்தக்குழாய் இல்லை, உள்செல்கள் கனெக்ஸின் 46, 50 வழியாகத்தான் பிழைக்கின்றன. இவை கெட்டால் பிறவிக் கண்புரை. கனெக்ஸின் 43-இல் பிறவி மாற்றம் இருந்தால் சிறிய கண், மெலிந்த மூக்கு, பல் எனாமல் குறை, நான்காம் ஐந்தாம் விரல் ஒட்டியிருத்தல் ஆகியவை சேர்ந்து வரும். கனெக்ஸின் 30-இல் சில மாற்றங்கள் முடி, நகம், உள்ளங்கையை மட்டும் பாதிக்கும். கனெக்ஸின் 47 மூளையின் வெண்பகுதிக்கு. புற்றுநோயில் கதை இருபக்கமும் போகிறது: 1966-லேயே ஈரல் புற்றுச் செல்களில் இந்த இணைப்பு அறுந்திருப்பதைக் கண்டார்கள்; ஆனால் மூளைக்குப் பரவிய புற்றுச் செல்கள் அங்குள்ள செல்களோடு இதே வாய்க்காலைப் போட்டுக்கொண்டு வளர்கின்றன. "கேப் ஜங்ஷனைத் தூண்டிப் புற்றுநோயைத் தடுக்கும்" என்று எதையாவது விற்றால் வாங்காதீர்கள். அதிமதுரத்தையும் இந்தப் பேச்சில் இழுப்பார்கள். அதிமதுரத்தின் ஒரு பொருளிலிருந்து செய்த கார்பெனாக்ஸலோன் ஆய்வகத்தில் இந்த வாய்க்கால்களை மூடுவது உண்மைதான். ஆனால் அது வேறு பலவற்றையும் தொடும், ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். பிள்ளைக்குக் காதுக்காகக் கொடுக்க அதில் ஒன்றுமில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் மின்குறியை அளக்கும் டெஸ்ட்) முடிவும் ஜீன் ரிப்போர்ட்டும் கையில் இருப்பதால் காரணம் தேடி இன்னும் அலைய வேண்டாம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு ஈசிஜி கட்டாயம். பிறவியிலேயே முழுதாகக் காது கேட்காத பிள்ளைகளில் சிலருக்கு ஜெர்வெல் லாங்கே-நீல்சன் என்ற நோய் இருக்கும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டிருக்கும், மயக்கத்தில் இதயம் நிற்கலாம். உங்கள் பிள்ளைக்கு வேறு காரணம் தெரிந்துவிட்டது, ஆனாலும் சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பத்தில் இரண்டு மரபுநோய் ஒரே பிள்ளையிடம் சேர்வது நடக்கக்கூடியதே. செலவும் மிகக் குறைவு. பிள்ளை நடக்கப் பழகியது எந்த மாதம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டபிள்யூ24எக்ஸில் சமநிலை பொதுவாகக் கெடாது, நடை நேரத்துக்கு வரும். 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லையென்றால் கண்ணையும் பார்க்க வேண்டும், காதோடு பார்வையும் கெடும் அஷர் சிண்ட்ரோம் இருக்கலாம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் இந்த வகைக் கேளாமைக்கு நன்றாகப் பலன் தரும். காரணம் நேரானது: கெட்டது துணைச்செல்களும் முடிச்செல்களும், மூளைக்குப் போகும் நரம்பு நன்றாக இருக்கிறது, எலும்பு அமைப்பும் சாதாரணமாகவே இருக்கும். கருவி முடிச்செல்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தூண்டுகிறது. மூளையின் கேட்டல் தடம் மூன்றரை வயதுக்குள் தூண்டப்பட்டால் நல்ல பலன், ஏழுக்கு மேல் போனால் பேச்சு வருவது கடினம். ஒன்றரை வயதில் இருக்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை இருக்கிறது. வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். அறுவைக்கு முன் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், மூளைக்காய்ச்சல் ஆபத்து கூடுவதால். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துக் கருவியை இயக்குவார்கள். அன்றைக்கே பிள்ளை பேசாது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் கேட்டல் பயிற்சி வேண்டும். இம்ப்ளான்ட் தோற்றது என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. விழித்திருக்கும் நேரம் முழுக்க மாட்டாமல் பள்ளிக்கு மட்டும் மாட்டுவது, வியர்வையும் மழையும் பட்ட, காதுக்கு வெளியே மாட்டும் ப்ராசசரை உலர்பெட்டியில் வைக்காதது, கேபிள் அறுந்தால் வாங்கக் காசில்லாமல் மாதக்கணக்கில் சும்மா கிடப்பது. கேபிள், காயில், பேட்டரிக்கு வாரண்டி முடிந்த பிறகு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று அறுவைக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

மரபணு சிகிச்சை பற்றி: 2024 ஜனவரியில் சீனாவில் காது கேளாத பிள்ளைகளுக்கு மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்திக் கேட்க வைத்த செய்தி உண்மை. ஆனால் அது ஓடிஓஎஃப் என்ற வேறு மரபணு. அதில் காது முழுதாகக் கட்டப்பட்டிருக்கும், ஒரு புரதம் மட்டும் குறைவு. கனெக்ஸின் 26-இல் முன்பு சொன்னபடி உறுப்பு வளரும்போதே குறை. சரியான துணைச்செல்களுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும், முடிச்செல்லில் போய் வேலைசெய்யத் தொடங்கினால் கெடுதலாகும். அதற்காகக் காத்திருந்து இம்ப்ளான்டைத் தள்ளிவைத்தால் போன வயது திரும்பாது.

அடுத்த குழந்தைக்கு: நீங்கள் இருவரும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்கள் என்பதை உங்கள் இருவரின் ரத்தத்திலும் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியானால் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று யாரும் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கருவிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர், பதிவு பெற்ற மையத்தில் மட்டும். தெரிந்து என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. காது கேளாமையை நோயாகவே பார்க்காத குடும்பங்களும் உண்டு. கருவில் பார்க்க வேண்டாமென்றால், பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடச் சொல்லுங்கள். காதுப் பரிசோதனையில் தேறிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், ஜிஜேபி2 பிள்ளைகளில் சிலர் பிறந்தவுடன் தேறிவிட்டுப் பிறகு கேட்காமல் போவதுண்டு. கெட்ட இரண்டு பிரதியும் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா, ஆறு மாதத்துக்குள் காது மெஷின்.

சொந்தத்தில் திருமணம் செய்தது தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவில் யாராவது கேட்பார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு சமூகத்தில் ஐம்பதில் ஒருவர் சுமப்பவர் என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத தம்பதிக்கு இந்த நோயுள்ள பிள்ளை பிறக்க 10,000-இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் சுமார் 1,400-இல் ஒன்று. தாய்மாமனைக் கட்டினால் சுமார் 750-இல் ஒன்று. அப்போதும் பெரும்பாலோருக்கு நல்லபடியே பிறக்கிறது, அதனால்தான் "எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சும் நிற்கிறது. இப்போது உங்கள் குடும்பத்தில் மாற்றம் இன்னது என்று தெரிந்துவிட்டதால், உங்கள் தம்பி தங்கைகளும் கணவரின் உடன்பிறந்தவர்களும் சொந்தத்தில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்ப்பதற்கு முன் இந்த ஒரு டெஸ்டைச் செய்துகொள்ளலாம். முழு மரபணு வரிசை வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கு: ரிப்போர்ட்டில் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் என்று வந்து, பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் கதை முடியவில்லை. பல ஆய்வகங்கள் இந்த மரபணுவின் இரண்டாம் எக்ஸானை (மரபணுவின் ஒரு துண்டு) மட்டும் படிக்கின்றன, புரதத்துக்கான 681 எழுத்தும் அங்கேதான் இருக்கிறது. முதல் எக்ஸானின் ஓரத்தில், துண்டுகளை ஒட்டும் இடத்தில் இருக்கும் பிழை அதில் தப்பிவிடும். பக்கத்து ஜிஜேபி6-இல் பெரிய துண்டு காணாமல் போனாலும் கனெக்ஸின் 26-ஐ இயக்கும் சுவிட்ச் அறுந்துபோகும்; அது எழுத்தைப் படிக்கும் டெஸ்டில் தெரியாது, எம்எல்பிஏ போன்ற அளவு பார்க்கும் டெஸ்டில்தான் தெரியும். இந்தியாவில் அது அரிது, ஐரோப்பாவில் அதிகம். இரண்டையும் பார்த்தும் ஒன்றுமில்லையென்றால், பிள்ளை தற்செயலாகச் சுமப்பவர், காரணம் வேறு மரபணு. இந்தியாவில் பிறவிக் கேளாமையில் கனெக்ஸின் 26-இன் பங்கு ஐரோப்பாவைவிடக் குறைவு என்பதால் இந்த நிலை நம்மிடம் அடிக்கடி வரும்.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், ஸ்கேன் செய்து ஒரு பிரதியும் வையுங்கள். உங்கள் மகன் வளர்ந்து காது கேளாத ஒரு பெண்ணைத் திருமணம் செய்தால், அப்போதுதான் அது மறுபடி தேவைப்படும். அவளுக்கும் ஜிஜேபி2 இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்காது. அவளுடைய காரணம் இரண்டு பிரதியும் கெட வேண்டிய வேறு மரபணுவாகவோ, சிறுவயதில் வந்த காய்ச்சலாகவோ இருந்து, அவள் ஜிஜேபி2 மாற்றம் எதையும் சுமக்காதவளாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கேட்கும்.